கவுன்டருக்கு அந்தப் பக்கம்

(மதுரை மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் 31 வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.)

வந்த கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். 'இது என்ன நோய்?' என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றதெல்லாம் டோக்கன், சர்டிபிகேட், ஃப்ரிட்ஜ், பஸ். எனக்கு ஆச்சரியமில்லை.

எங்க வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். மூன்று வருஷமாக சுகர். ஆஸ்பத்திரி மாத்திரையில் 'பவர்' இல்லை, மெடிக்கலில் வாங்கினால்தான் கேட்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்ல, இப்போது மாதம் எண்ணூறு ரூபாய்க்கு வாங்குகிறோம். நிஜமாகவே பவர் குறைச்சலா அக்கா?
- வாசகி, செல்லூர்

இந்தப் 'பவர்' என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப் போனவள் நான். குறைச்சல் இல்லை தங்கச்சி. ஆஸ்பத்திரி அட்டையையும் மெடிக்கல் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெடிக்கல் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மெட்ஃபார்மின் 500 மி.கி. ஆஸ்பத்திரி அட்டையிலும் அதே மெட்ஃபார்மின், அதே 500.

ஆனால் இந்தப் பேச்சு சும்மா கிளம்பியதில்லை. நான் 1988-ல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆயிரம் மாத்திரை கொண்ட தகர டப்பாதான் வரும். எண்ணி, பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்போம். ஐப்பசி மழையில் மாத்திரை நமுத்துப்போய் விரலில் மாவாக ஒட்டும். அன்றைக்கு 'பவர் இல்லை' என்று யாராவது சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை அரசு ஆரம்பித்தது. அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து மாநிலம் முழுக்க மருந்து கொள்முதல் அதன் கைக்குப் போனது. மாத்திரை அட்டையில் வர ஆரம்பித்தது, அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்ற அச்சோடு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு என்று அதில் வரவு இருக்கும், மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கக் கழியும். கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, வெறும் நம்பர் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறாத பேட்ச் திரும்பிப் போகும். கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்களுக்கும் ஒரு கழகம் வைத்துக்கொண்டன.

அப்புறம் ஏன் அவருக்குக் கேட்கவில்லை? ஒரு மாதத்துக்குக் கொடுத்த மாத்திரை அவரிடம் எத்தனை நாள் ஓடியது என்று எண்ணிப் பாருங்கள். நைட் ஷிப்ட் தறிக்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தாறுமாறு. வெறும் வயிற்றில் போட்டால் இந்த மாத்திரை குமட்டும், வயிறு போகும், உடனே நிறுத்திவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்குவார்கள், எண்ணூறு ரூபாயாச்சே! பவர் அங்கேதான் ஏறுகிறது. சாப்பாட்டோடு, விடாமல் போடச் சொல்லி மூன்று மாதம் பார்த்துவிட்டு, எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள்.

அரசுப் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டாக் தீர்ந்து 'அடுத்த வாரம் வாங்க' என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் தறி நிறுத்திவிட்டு வந்தவருக்கு அந்த மூன்று வார்த்தை ஒரு நாள் கூலி. அப்படி வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மக்கள் மருந்தகத்துக்கோ முதல்வர் மருந்தகத்துக்கோ போங்கள், இரண்டும் மலிவு விலைக்கு மருந்து விற்கும் அரசுத் திட்டக் கடைகள் (பின்னது 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் கடையாகத் திறந்தது). ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் சீட்டில் ஒரு கம்பெனி பெயரை எழுதியிருந்தால், அதே மருந்து வேறு கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இருந்தாலும், கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கும் முன்னாடி, "டாக்டர், மருந்தோட பேரையே எழுதிக் கொடுங்க" என்று கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு இன்சுலின் எழுதிவிட்டார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டில் வைத்தோம். அவர்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், வீடு பூட்டு. மூன்று நாள் ஊசி இல்லை. என்ன செய்வது?
- வாசகர், உசிலம்பட்டி அருகே

மூன்று நாள் ஊசியை நிறுத்தியது பெரிய ஆபத்து தம்பி. இனி அப்படி விடாதீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டாலும் இன்சுலின் போடலாம்.

திறக்காத புட்டிக்குத்தான் ஃப்ரிட்ஜ் கட்டாயம், 2 முதல் 8 டிகிரி. திறந்து உபயோகத்தில் இருக்கும் புட்டி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நாலு வாரம் தாங்கும். பத்து மில்லி புட்டியில் 400 யூனிட். அம்மாவுக்குக் காலையில் 20, ராத்திரி 10 என்றால் பதின்மூன்று நாளில் காலி. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு புட்டி மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மிச்சத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உங்கள் பேரில் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள். திறந்த தேதியைப் பிளாஸ்திரியில் எழுதிப் புட்டி மேல் ஒட்டுங்கள்.

'குளிர்ந்த இடம்' என்றால் நம் ஊர் சித்திரை வெயிலில் எது? இரண்டு மண்பானை வாங்குங்கள், ஒன்றுக்குள் ஒன்று போகிற அளவில். பெரியதில் நாலு விரல் உயரம் ஆற்று மணல் போட்டு, மேலே சின்னதை வைத்து, சுற்றி இருக்கும் இடைவெளியிலும் மணலை நிரப்புங்கள். காலையும் சாயந்திரமும் மணலில் தண்ணீர் ஊற்றுங்கள். புட்டியை ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து உள்பானைக்குள் இறக்கி, ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் வையுங்கள், அடுப்படியில் வேண்டாம், தகரக் கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பானையில் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறதோ அதே கணக்குதான் இது. உங்கள் பக்கத்து அம்மா ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, நான் படித்த டிப்ளமோவில் இது இல்லை.

ஐஸில் புதைத்துக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். உறைந்த இன்சுலினைக் கொட்டத்தான் வேண்டும். கலங்கல் வகை இன்சுலினைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டுங்கள். உருட்டிய பிறகும் கட்டி கட்டியாகவோ, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் அது கெட்டுவிட்டது.

இப்போது சிரிஞ்சு. இதைத்தான் அடிக்கோடு போட்டு வாசியுங்கள். ஒரு அம்மாவுக்கு இரண்டு மாதமாக சுகர் இறங்கவே இல்லை. டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போனார். ஒருநாள் கவுன்டரில் கூட்டம் இல்லை. "எப்படிப் போடுறீங்க, காட்டுங்க" என்றேன். மஞ்சப்பையிலிருந்து சிரிஞ்சை எடுத்தார். ஆரஞ்சு மூடி! நாங்கள் கொடுப்பது சிவப்பு மூடி, தீர்ந்துபோனதால் மகன் மெடிக்கலில் வாங்கி வந்திருக்கிறான். ஆஸ்பத்திரிப் புட்டியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அந்த அம்மா இரண்டு மாதமாக பாதிக்கும் கீழே போட்டுக்கொண்டிருந்தார், ஒருவர் கண்ணிலும் படவில்லை. இதற்குத் தலைகீழாகவும் நடக்கும், அது இன்னும் மோசம். இன்சுலின் பேனாவில் போடுகிற, மில்லிக்கு 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். ஆளே மயங்கிவிடுவார். புட்டியில் 40 என்றால் சிவப்பு. இதைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சுகர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அம்மாவுக்கு நடக்க முடியாது என்றால் சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பேர் பதியுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பல திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். கவுன்டர் நோயாளியைத் தேடிப் போனது இதில்தான்.

அப்பாவுக்கு 62 வயது, விவசாயம். நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ செய்து, ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனாலும் தனியார் ஆஸ்பத்திரியில் 'வித்தியாசத் தொகை' என்று முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
- வாசகி, மேலூர்

கட்டாதீர்கள், முதலில் பேசுங்கள். என் தங்கை வீட்டுக்காரருக்கும் இதேதான் நடந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். "திட்டத்துல வர்ற ஸ்டென்ட் சாதா, நல்லது வேணும்னா நாற்பதாயிரம்" என்றார்கள். "சரி, அந்த நாற்பதாயிரத்துக்கு பில் கொடுங்க, ஸ்டென்ட் பேரும் பேட்ச் நம்பரும் போட்டு" என்றேன். பத்து நிமிஷத்தில் மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தவர், "திட்டத்துலயே பண்ணிடலாம்மா" என்றார். நான் வேறு எதுவும் செய்யவில்லை, பில் கேட்டேன், அவ்வளவுதான்.

ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு 2017 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு அன்றைக்கு வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்று வைத்தார்கள், அதற்குப் பிறகு திருத்திக்கொண்டு வருகிறார்கள். அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேல் வாங்கிய இடங்கள் உண்டு. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது.

உங்கள் அட்டை பழையது என்றால் ஓடுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். 2009-ல் ஆரம்பித்து, 2012-ல் பெயரும் காப்பீட்டுக் கம்பெனியும் மாறி, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்தது இது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. இலவச எண் 1800 425 3993. திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இதற்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், முன்னனுமதி வாங்குவது அவர் வேலை. பணம் கட்டும் கவுன்டருக்குப் போகும் முன் அவரிடம் போங்கள். இன்னொன்று, மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியிலும் ஸ்டென்ட் வைக்கிறார்கள். அங்கே கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், அதுதான் விஷயம். நெஞ்சுவலி திரும்பவும் வந்தால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் 108.

அட்டையே இல்லாதவர்களுக்கு: ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இந்த எண்ணோடு எனக்குத் தீராத சண்டை. மாதம் பத்தாயிரம் ஆகிறது. ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி 800, மாதம் இருபது நாள் வேலை என்று வைத்துக்கொண்டாலே 16,000. உள்ளதை உள்ளபடி எழுதினால் அந்தக் குடும்பம் வெளியே. அவர் வி.ஏ.ஓ. முன்னால் நின்று கம்மியாகப் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. நோயாளியைப் பொய் சொல்ல வைத்துத்தான் உள்ளே விடுகிறது இந்த வரம்பு. ஏற்றினார்கள், முன்பு 72,000. போதாது.

தோப்பூர் எய்ம்ஸ் வந்துவிட்டால் நம் பக்கத்துக் கஷ்டமெல்லாம் தீருமா?
- வாசகர், திருமங்கலம்

அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. முதல் செட் மாணவர்கள் 2022-ல் சேர்ந்தது ராமநாதபுரத்தில். மதுரை எய்ம்ஸ் பிள்ளைகள் ராமநாதபுரத்தில் படித்த கதையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வரட்டும், மூளைக் கட்டிக்கும் சிறுநீரக மாற்றுக்கும் உதவும். ஆனால் பேரையூர்க்காரருக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் பாம்பு கடித்தால் அவருக்குத் தேவை விஷமுறிவு மருந்தும் அதைப் போடத் தெரிந்த ஒரு டாக்டரும், பக்கத்திலேயே. அவரைத் தோப்பூர் வரைக்கும் கொண்டுபோக நேரம் கிடைக்காது.

குழந்தைகளுக்கு வரும் ஒரு தசை நோய்க்கு ஒரே ஊசி 16 கோடி ரூபாய் என்று செய்தியில் பார்த்தேன். இந்த விலையை யார் வைக்கிறார்கள்? அரசு ஒன்றும் செய்ய முடியாதா?
- சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

ஸோல்ஜென்ஸ்மாவைச் சொல்கிறீர்கள். காப்புரிமை கையில் இருக்கும் வரை கம்பெனி வைத்ததுதான் விலை. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. அதில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் உதவி 50 லட்சம் வரை. 16 கோடிக்கு 50 லட்சம் எந்த மூலைக்கு? அதனால்தான் பெற்றோர்கள் ஊரெல்லாம் கையேந்துகிறார்கள்.

ஆனால் அரசு கையில் ஒன்றும் இல்லை என்பது சரியில்லை தம்பி. நீங்கள் சட்டம் படிக்கிறவர், இரண்டு வழக்கைத் தேடிப் படியுங்கள். ஒன்று, 2012 மார்ச். நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்து மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய். காப்புரிமை அலுவலகம் நாட்கோ என்ற இந்தியக் கம்பெனிக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தைத் தயாரிக்கலாம் என்ற அனுமதி) கொடுத்தது, விலை 8,880-க்கு இறங்கியது. இன்னொன்று, 2013 ஏப்ரல் 1, கிளிவெக் தீர்ப்பு. ரத்தப் புற்றுநோய் மருந்து. பழைய மருந்தின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்டார்கள். நோய்க்கு அதனால் கூடுதல் பலன் உண்டா என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்கும். காட்ட முடியவில்லை, உச்ச நீதிமன்றம் மறுத்தது. கம்பெனி விலை மாதம் லட்சத்துக்கு மேல், நம் ஆட்கள் தயாரித்தது பத்தாயிரத்துக்குள். அந்தத் தீர்ப்பு செய்தி வந்த அன்றைக்கு எங்கள் மருந்தகத்தில் டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

கட்டாய உரிமம் அந்த ஒரு தடவையோடு நின்றுபோனது. ஆயுதத்தைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

நம் ஊர்க் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். புரை நீக்கிய கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு, நூறு டாலர் அளவில் விலை. காசில்லாதவருக்கு லென்ஸ் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992-ல் ஆரோலேப் என்று தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு வந்தது. என் மாமியார் அந்த லென்ஸோடு தொண்ணூறு வயது வரை அரிசியில் கல் பொறுக்கினார். விலை என்பது கடவுள் போட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள் அம்மா. மருந்து கொடுக்கிற இடத்தில் ஏன் எல்லோரும் எரிந்து எரிந்து விழுகிறீர்கள்?
- வாசகர், அவனியாபுரம்

கோபமில்லை ஐயா. நானும் விழுந்திருக்கிறேன்.

காலையிலிருந்து அரையடி ஜன்னல் வழியாகக் கைகள் மட்டும் வந்துகொண்டிருக்கும், முகம் தெரியாது. ஒரு சீட்டுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. அதற்குள் எழுத்தைப் புரிந்துகொண்டு, எடுத்து, எண்ணி, 'காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு' சொல்ல வேண்டும். பதினோரு மணிக்கு மேல் குரல் தானாக ஏறிவிடும். இது சமாதானம் இல்லை, காரணம்.

ஒருநாள் பன்னிரண்டு மணி தாண்டி ஷட்டரை இறக்கிவிட்டேன். ஒரு பெரியவர், தலையில் துண்டு, ஜன்னல் கம்பியைத் தட்டினார். சீட்டில் முதல்நாள் தேதி. "நேத்து தேதிக்கு இன்னிக்கு மருந்து கொடுக்க முடியாது, நாளைக்குப் புதுச்சீட்டுப் போட்டு வாங்க" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துக் காலில் புண்ணோடு வந்து வார்டில் சேர்ந்திருந்தார். வார்டுக்கு மருந்து கொண்டுபோனபோதுதான் முகத்தைப் பார்த்தேன். அவரே சொன்னார், முதல்நாளே வந்திருக்கிறார். லேபில் ரிசல்ட் வர மூன்று மணி ஆகிவிட்டது, அதற்குள் நாங்கள் பூட்டியிருக்கிறோம். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டு மறுநாள் வந்திருக்கிறார். மறுநாளும் முந்தைய டெஸ்ட்டைக் காட்ட டாக்டர் வரிசையில் நின்று, என்னிடம் வரும்போது பன்னிரண்டேகால். இதில் ஒரு இடத்திலும் அவர் தப்பு செய்யவில்லை. இரண்டு விரலை எடுத்தார்கள்.

அதற்கடுத்த வாரம் லேபில் வேலை பார்த்த தம்பியிடம் பேசினேன். ரிசல்ட் தாமதமாகிற சுகர் நோயாளிகளின் ஓ.பி. நம்பரை அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மத்தியானம் என்னிடம் கொடுத்துவிடுவார். அவர்களுக்கு நாலரை மணி வரை பின்கதவு திறந்திருக்கும். உத்தரவு எதுவும் இல்லை, சூப்பிரண்டெண்ட்டுக்குத் தெரியும், கண்டுகொள்ளவில்லை. நான் ஓய்வுபெற்ற அன்றைக்குப் பின்கதவுச் சாவியை அடுத்து வந்த பெண்ணிடம் கொடுத்து, துண்டுச் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். "லேப்ல இப்ப கம்ப்யூட்டர் வந்துருச்சேம்மா, சீட்டு எதுக்கு?" என்றாள். "கம்ப்யூட்டர்ல பாரு தாயி, ஆனா கதவத் தொறந்து வை" என்றேன்.